ராமநாதபுரம் கடலோர ரயில் நிலையங்கள்: கட்டுமானப் பொருளில் கார்பனைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரமக்குடி தாண்டி ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று ரயில் கிழக்கே போகப் போக, கட்டடத்தின் ஆயுளை உப்புக் காற்று தீர்மானிக்கத் தொடங்குகிறது. இந்தப் பாதையில் பிளாட்பாரம், நிழற்கூரை, நடைமேம்பாலம், டிக்கெட் கட்டடம் கட்டுகிற பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் சைட் சூப்பர்வைசர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை.

கூரையில் சோலார் பேனல் போட்டாயிற்று. பொருளின் கார்பனை வேறு ஏன் பார்க்க வேண்டும்?

இரண்டும் தனித்தனிக் கணக்கு. மின்சாரத்தின் கார்பன் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சிமென்ட்டும் இரும்பும் தயாராகும்போது வெளியிட்டது, நிலையத்தின் ரிப்பன் வெட்டும் முன்பே காற்றில் கலந்து முடிந்திருக்கும். அதைப் பிறகு திருத்த வழியில்லை.

அளவு தெரிய ஓர் ஒப்பீடு. ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலில் ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் தரும். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் ஆண்டுக்கு ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். அடுத்த கேள்வியில் வரும் பிளாட்பாரத்தில் சிமென்ட் மூட்டையை மட்டும் மாற்றினால் 40 டன்னுக்கு மேல் மிச்சமாகிறது. 40 கிலோவாட் பேனல் ஒரு வருடம் முழுக்க உழைத்துத் தருவது அவ்வளவுதான்.

எந்தப் பொருளில் அதிகம்? எப்படிக் கணக்குப் போடுவது?

சிமென்ட், இரும்பு, அலுமினியம். பெரும்பாலான நிலையங்களில் இந்த மூன்றைப் பிடித்தால் பெரும்பகுதியைப் பிடித்த மாதிரி.

கணக்கு எளிது. எஸ்டிமேட்டில் உள்ள அளவை எடுத்து, கிலோவுக்கு எவ்வளவு கார்பன் என்ற எண்ணால் பெருக்க வேண்டும். தோராயமான எண்கள்: சாதாரண ஓ.பி.சி. சிமென்ட் 0.9, அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. 0.65, பாதிக்குப் பாதி இரும்பு உலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. 0.45 முதல் 0.5, தாதுவிலிருந்து உருக்கிய கம்பி 2.5, இந்திய நிலக்கரி மின்சாரத்தில் எடுத்த புது அலுமினியம் 15க்கு மேல். ஜல்லியை உடைப்பதற்கு ஆவது மிகக் குறைவு, டன்னுக்கு 5 கிலோ அளவுதான். ஆனால் லாரிக்கு டன்-கிலோமீட்டருக்கு 0.08 கிலோ வைத்தால், 120 கிலோமீட்டர் வருகிற ஜல்லிக்கு உடைத்த கார்பனைவிட ஓட்டிய கார்பன் இரு மடங்கு.

540 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள பிளாட்பாரத்தில் 100 மி.மீ. கான்கிரீட் தளம் போடுகிறோம் என்று வையுங்கள். 324 கன மீட்டர் வரும். கன மீட்டருக்கு 300 கிலோ சிமென்ட் என்றால் மொத்தம் 97 டன். ஓ.பி.சி. என்றால் 87 டன் கார்பன், பி.பி.சி. என்றால் 63, பி.எஸ்.சி. என்றால் 45 சுற்றி. தளம் அதேதான், கொத்தனாரும் அவரேதான்.

சிமென்ட்டில் இவ்வளவு வரக் காரணம் எரிபொருள் மட்டும் அல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்து போகும். சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் இது போகத்தான் செய்யும். அதனால் சிமென்ட்டில் கிளிங்கரை, அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுக்கும் கட்டியை, குறைப்பதே வழி.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்துக்கு எந்த சிமென்ட்?

கசடு கலந்தது முதல் தேர்வு, சாம்பல் கலந்தது இரண்டாவது. ஓ.பி.சி.யைத் தனியாகப் போட இந்தக் கடற்கரையில் காரணமே இல்லை.

இங்கே கான்கிரீட்டைக் கொல்வது குளோரைடு. உப்புத் துளி காற்றில் வந்து மேற்பரப்பில் படிந்து, நுண்துளை வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கசடு சிமென்ட் இறுகும்போது அந்த நுண்துளைகள் சிறுத்துவிடும். உள்ளே வந்த குளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். கார்பன் குறைந்த சிமென்ட்டே கடலுக்குத் தாங்குகிற சிமென்ட்டாகவும் அமைந்தது நம் அதிர்ஷ்டம். உள்நாட்டில் சில இடங்களில் இரண்டுக்கும் இழுபறி உண்டு. இங்கே கிடையாது.

ஒரு தப்பான வழக்கம் பரவலாக இருக்கிறது: கடலோரம் என்றதும் சல்பேட் தாங்கும் எஸ்.ஆர்.சி. சிமென்ட் கேட்பது. அதில் சி3ஏ என்ற சேர்மம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கும். குளோரைடைப் பிடித்து வைப்பது அந்தச் சேர்மம்தான். சல்பேட்டும் குளோரைடும் சேர்ந்து வருகிற இடத்தில் எஸ்.ஆர்.சி. ஏற்றதல்ல என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 குறிப்பே சொல்கிறது.

ஊருக்கு ஊர் தரமும் மாற வேண்டும். ஐ.எஸ். 456:2000 படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, கடலிலிருந்து தள்ளி இருக்கிற பரமக்குடியில் மிதமான சூழல் என்று எடுத்து எம்25 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்), கன மீட்டருக்குக் குறைந்தது 300 கிலோ சிமென்ட், 30 மி.மீ. கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் தடிமன்) போதும். ராமநாதபுரம், வாலாந்தரவை, உச்சிப்புளி கடலோரச் சூழல். எம்30, 320 கிலோ, 45 மி.மீ. உப்புச் சாரல் படுகிற மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்துக்கு எம்35, 340 கிலோ, 50 மி.மீ. அலை ஏறி இறங்குகிற இடத்தில் தூண் போட்டால் எம்40, 360 கிலோ, 75 மி.மீ. பாதை முழுக்க ஒரே டிராயிங்கை நகலெடுத்தால், பரமக்குடியில் வீண் சிமென்ட் போகும் அல்லது பாம்பனில் பத்து வருடத்தில் கம்பி தெரியும்.

எம்35க்கு ஒரு கலவை சொல்ல முடியுமா?

தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜல்லி, மணலில் ட்ரையல் மிக்ஸ் போடாமல் ஊற்றக் கூடாது. ஒரு கன மீட்டருக்கு: ஓ.பி.சி. 53 கிரேடு 190 கிலோ, ஜி.ஜி.பி.எஸ். எனும் அரைத்த கசடுத்தூள் 190 கிலோ, தண்ணீர் 152 லிட்டர், 20 மி.மீ. ஜல்லி 680 கிலோ, 12 மி.மீ. ஜல்லி 450 கிலோ, எம்-சாண்ட் 780 கிலோ, பி.சி.இ. வகை அட்மிக்சர் (குறைந்த தண்ணீரிலும் கலவையை இளக வைக்கும் ரசாயனம்) 3 கிலோ சுற்றி. தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.40.

கார்பன், ஜல்லியின் லாரிச் செலவையும் சேர்த்து, 215 முதல் 220 கிலோ வரும். முழுக்க ஓ.பி.சி. போட்டால் இதே கலவை 375 கிலோ.

இதில் அடிக்கடி நடக்கிற தவறு இரண்டு. முதலாவது, மூட்டையில் வருவதே சாம்பல் கலந்த பி.பி.சி. என்பதைப் பார்க்காமல் பிளான்ட்டில் மறுபடி சாம்பலோ கசடோ சேர்ப்பது. அப்புறம் 28 நாளில் வலிமை வராது. தனியாகச் சேர்ப்பதாக இருந்தால் அடிப்படை ஓ.பி.சி.யாக இருக்க வேண்டும். இரண்டாவது, அட்மிக்சர் இல்லாமல் 0.40 விகிதத்தில் ஊற்ற முயல்வது. கலவை மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு இறங்காது. யாராவது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். அந்த ஒரு குடத்தில் மேலே சொன்ன துளை அடைப்பு எல்லாம் போய்விடும்.

“ஒரு மூட்டை கூடப் போட்டா நல்லதுதானே” என்ற பேச்சும் உண்டு. நல்லதல்ல. சிமென்ட் கூடினால் சூடும் சுருக்கமும் கூடும், முடி அளவு வெடிப்பு விழும், அதன் வழியே உப்பு போகும். வலிமை போதவில்லை என்றால் தண்ணீரைக் குறையுங்கள்.

கசடு சிமென்ட் மெதுவாக இறுகுமே, லைன் பிளாக்குக்குள் (வேலைக்காக ரயிலை நிறுத்தும் நேரம்) வேலை முடியுமா?

முதல் மூன்று நாள் மெதுவாகத்தான் இருக்கும். குளிர்ப் பிரதேசத்தில் அது தலைவலி. சித்திரை, வைகாசி வெயிலில் இங்கே வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அடித்தளம், தடுப்புச் சுவர், பிளாட்பாரத் தளம் எதற்கும் மூன்றாம் நாள் வலிமை தேவைப்படாது. இவற்றுக்கு 28 நாளுக்குப் பதில் 56 நாள் வலிமையை ஏற்றுக்கொள்வதாக டெண்டரிலேயே எழுதினால் கன மீட்டருக்கு இன்னும் 20, 30 கிலோ சிமென்ட் குறையும். இரவு பிளாக்கில் தண்டவாளத்தை ஒட்டிச் செய்கிற வேலைக்கு இடத்தில் ஊற்றாமல், யார்டில் வார்த்துப் பழுத்த ப்ரீகாஸ்ட் துண்டுகளைக் கொண்டுவந்து வையுங்கள். பிளாட்பார விளிம்புக் கோப்பிங் இதற்கு மிகப் பொருத்தம்.

மெதுவாக இறுகுவதற்கு நாம் கொடுக்கும் விலை க்யூரிங், அதாவது ஊற்றிய கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பது. ஓ.பி.சி.க்கு 7 நாள் என்றால் கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள். இந்தக் காற்றுக்கு 14 நாள் வைப்பது நல்லது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தளம் போட்ட இரண்டு மணி நேரத்தில் மேல்பரப்பு வறண்டு வெடிக்கத் தொடங்கும். ஃபினிஷிங் முடிந்த கையோடு பாலிதீன் ஷீட்டை மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். மறுநாள் ஈரச் சாக்கு, அதன்மேல் அதே ஷீட்.

தண்ணீருக்கு எங்கே போவது? போர்வெல் எல்லாம் உப்பு.

இந்த மாவட்டத்தில் கட்டுமானத்தின் உண்மையான முடிச்சு இதுதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலை ஒட்டிய போர்வெல்கள் பலவற்றில் இது பல மடங்கு. வாயில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 500ஐத் தாண்டியதா என்று நாக்கு துல்லியமாகச் சொல்லாது. ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. ஒரே கிணறே இரண்டு விதமாகக் காட்டும்.

கலவைக்கு டேங்கர் தண்ணீர் வாங்கிவிட்டு, க்யூரிங்குக்குப் பக்கத்து உப்புத் தண்ணீரை அடிப்பது சைட்டில் சகஜம். பச்சைக் கான்கிரீட் அதை உறிஞ்சிக்கொள்ளும். பதினான்கு நாள் உப்பை நாமே ஊட்டி வளர்த்த கணக்கு. தண்ணீர் அவ்வளவு இல்லை என்றால் வெள்ளை நிற க்யூரிங் காம்பவுண்ட் அடிக்கலாம். லிட்டருக்கு 4 முதல் 5 சதுர மீட்டர் வரும். மேலே சொன்ன 3,240 சதுர மீட்டர் தளத்துக்கு 650 முதல் 800 லிட்டர். மேலே டைல்ஸோ பூச்சோ வரப்போகிற இடத்தில் மட்டும் அடிக்காதீர்கள், ஒட்டாது.

கவரில் 20 மி.மீ. குறைந்தால் என்ன ஆகிவிடும்? கார்பனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

எல்லா சம்பந்தமும் அதில்தான். உப்பு உள்ளே ஊடுருவ எடுக்கும் காலம் ஏறத்தாழ ஆழத்தின் வர்க்கத்தில் போகும். 25 மி.மீ. கவரை 50 ஆக்கினால் காலம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பன்னிரண்டு வருடத்தில் உடைத்துக் கட்டுகிற சன்ஷேடின் கார்பனை எந்தப் பசுமைச் சான்றிதழும் சரிக்கட்டாது.

இந்தப் பாதையில் எந்தப் பழைய நிலையத்திலும் முதலில் கம்பி தெரிவது சன்ஷேடிலும் பாராபெட்டிலும்தான். கம்பி கட்டும்போது 50 மி.மீ. கவர் டிராயிங்கில் இருக்கும். கவர் பிளாக்குக்குப் பதில் கீழே ஒரு ஜல்லியையோ உடைந்த டைல்ஸையோ செருகியிருப்பார்கள். கான்கிரீட் ஊற்றும் ஆள் கம்பிமேல் நடப்பார், ஜல்லி நகரும், கம்பி ஷீட்டில் போய் உட்காரும். துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை வீங்கும். அது கவரைப் பிளந்து தள்ளிவிடும்.

கவர் பிளாக்கை அதே எம்35 கலவையில் வார்த்து, தண்ணீரில் போட்டு வைத்து, இரு திசையிலும் மீட்டருக்கு ஒன்று வையுங்கள். கட்டுக்கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்பக்கம் மடக்குங்கள். ஊற்றும் முன் சுண்டுவிரல் தடிமன் தூரத்துக்கு வெளிப்பக்கம் நீட்டியிருக்கிற ஒரு முனை போதும், துரு அதன் வழியே உள்ளே வந்துவிடும்.

எந்தக் கம்பி? எபாக்சி, ஸ்டெயின்லெஸ், கண்ணாடி இழை என்று பல சொல்கிறார்கள்.

கார்பனைப் பொறுத்தவரை முதல் கேள்வி, கம்பி தாதுவிலிருந்து வந்ததா பழைய இரும்பிலிருந்து வந்ததா என்பது. 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகு வகைப்பாட்டை அறிவித்தது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன் கார்பனுக்குக் கீழே இருந்தால் பசுமை. 2.0 முதல் 2.2 வரை மூன்று நட்சத்திரம், 1.6 முதல் 2.0 வரை நான்கு, 1.6க்குக் கீழே ஐந்து. சப்ளையரிடம் இந்தச் சான்று கேட்கலாம். பழைய இரும்பை உருக்கிய கம்பி என்றால் வேதிப் பரிசோதனைச் சான்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். கந்தகமும் பாஸ்பரசும் கூடியிருந்தால் வளைக்கும்போதே வெடிக்கும்.

எபாக்சி பூசிய கம்பியில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. ஆலையில் நன்றாகத்தான் இருக்கும். லாரியில் இறக்கும்போதும் வளைக்கும்போதும் உரசி, ஒரு நகக்கண் அளவு பூச்சு பெயர்ந்தால் துரு முழுவதும் அந்த ஒரே புள்ளியில் குவிந்து குழி பறிக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பி பல மடங்கு விலை, தயாரிப்புக் கார்பனும் அதிகம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டது கடலுக்குள் நிற்கிற பாலம் என்பதால். டிக்கெட் கவுன்ட்டர் கட்டடத்துக்கு அது தேவையில்லை. கண்ணாடி இழைக் கம்பி துருப்பிடிக்காது. தரைத்தளம், காம்பவுண்ட் சுவர் அடித்தளம் போன்ற இடங்களில் போடலாம். சைட்டில் வளைக்க முடியாது, ஸ்டிரப் எனும் வளையக் கம்பி எல்லாம் ஆலையிலேயே வளைந்து வர வேண்டும், தீயில் வலிமை போய்விடும். மாடித் தளத்துக்கு வேண்டாம்.

பழைய தண்டவாளத்தைத் தூணாகப் போடலாமா?

தாராளமாக. ரயில்வேயில் இது புதிதல்ல. நாடெங்கும் பழைய பிளாட்பாரக் கூரைகள் தண்டவாளத் தூணில்தான் நிற்கின்றன. புது இரும்பை வாங்காமல் இருப்பதைவிடக் குறைந்த கார்பன் இரும்பு எதுவும் கிடையாது.

300 மீட்டர் கூரைக்கு 6 மீட்டருக்கு ஒன்றாக 50 தூண், தலா 4 மீட்டர், இரண்டு தண்டவாளம் சேர்த்து என்று வையுங்கள். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் மொத்தம் 20.8 டன். அதற்காக 20.8 டன் மிச்சம் என்று எழுதிவிடக் கூடாது. புதிதாகப் போட்டால் குழாய்த் தூண் இதில் பாதி எடையில் முடிந்திருக்கும். ஆகவே 10.4 டன் புது இரும்பு, அதாவது 26 டன் கார்பன்தான் உண்மையான மிச்சம். அதுவும் நல்ல தொகையே.

கவனிக்க வேண்டியது வெல்டிங். தண்டவாளத்தில் கரிமம் 0.6 முதல் 0.8 சதவீதம். சாதாரண ராடால் பற்றவைத்தால் பக்கத்து இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறி, பிறகு ஒரு காற்று நாளில் வெல்டு ஓரத்தில் கீறல் விடும். ட்ரில்லில் துளையிட்டு போல்ட் போடுங்கள். கேஸில் ஓட்டை போடுவதும் கூடாது. அடிப்பாகம் தேய்ந்து குழி விழுந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டு, மணல் பீச்சித் துரு நீக்கி, துத்தநாகப் பிரைமரோடு கடலோரத்துக்கான எபாக்சி, பாலியூரித்தேன் அடுக்குகள் பூச வேண்டும். தரையோடு சேருகிற இடத்தில் கான்கிரீட்டை 150 மி.மீ. உயர்த்தி நாலாபுறமும் சரிவு கொடுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிற தூண்தான் முதலில் தின்னப்படும். கழற்றிய கான்கிரீட் ஸ்லீப்பர்களை மண் தாங்கும் சின்னச் சுவருக்கும் பாதைக்கும் போடலாம். உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி இருப்பதால் வெட்டாமல் முழுசாகவே பயன்படுத்துங்கள்.

கூரைத் தகடு?

சாதாரண ஜி.ஐ. தகடு மண்டபம் தாண்டினால் சில வருடம்தான். சதுர மீட்டருக்கு 150 கிராமோ அதற்கு மேலோ அலுமினியம்-துத்தநாகப் பூச்சுள்ள, வண்ணம் பூசிய தகடு வாங்குங்கள். கனமான சட்டங்களுக்கு முக்கிக் குளிப்பாட்டிய கால்வனைசிங், சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது 85 மைக்ரான் இருக்க வேண்டும். பெரும்பாலும் தகடு கெடுவதில்லை, திருகு கெடுகிறது. திருகின் தலையைச் சுற்றி ஆரஞ்சு வளையம் தெரிந்தால் தகடும் விரைவில் போகும். மழை கழுவாத அடிப்பக்கத்தில்தான் உப்பு தங்கும். வருடம் இருமுறை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவினால் பூச்சின் ஆயுள் கூடும். எடை குறைக்கிறோம் என்று காற்று வேகக் கணக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி நிலையத்தை என்ன செய்தது என்பதை அங்கே போனால் இன்றும் பார்க்கலாம்.

அந்தத் தனுஷ்கோடிச் சுவர்கள் பவளக்கல்லும் சுண்ணாம்பும்தானே? அப்படிக் கட்டலாமே?

பவளக்கல்லைத் தொடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட உயிரினம்; போதாததற்கு இது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் வாசல். பழைய கட்டடத்தை இடிக்கும்போது கிடைத்த பவளக்கல்லையும் வனத்துறையிடம் கேட்காமல் நகர்த்தாதீர்கள்.

சுண்ணாம்பு வேறு. சூளையில் வெளியான கார்பனை, பூசிய பின் காற்றிலிருந்து மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் சுண்ணாம்பு இறுகுகிறது. விறகின் கார்பன் மட்டும் திரும்பாது. பழைய கல், செங்கல் சுவர்களைச் செப்பனிடச் சுண்ணாம்புச் சாந்துதான் சரி. அதன்மேல் சிமென்ட் பூசினால் சுவருக்குள் உள்ள உப்பும் ஈரமும் வெளியேற வழியின்றிப் பூச்சைப் பொரித்துத் தள்ளும். புதுக் கட்டடத்தில் உட்புறப் பூச்சுக்குப் போடலாம். ஆள் கிடைப்பதும் நேரமும்தான் தடை.

சுவருக்கு என்ன?

சாம்பல் கல் எனப்படும் ஃப்ளை ஆஷ் செங்கல். தூத்துக்குடி அனல் மின் நிலையங்கள் இதே கடற்கரையிலேயே இருப்பதால் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானத்தில், விலை கூடாத பட்சத்தில், சாம்பல் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 2021 டிசம்பர் 31 அறிவிக்கையும் சொல்கிறது.

சைட்டில் ஒரு சோதனை: காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மறுபடி போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். அதைவிட முக்கியம், செய்கிறவர் எந்தத் தண்ணீரில் செய்கிறார் என்று கேட்பது. உப்புத் தண்ணீரில் செய்த கல் பூச்சுக்கு மேல் வெள்ளை பூத்தே தீரும். ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலகு கான்கிரீட் கல்) எடை குறைவு, அதனால் தூணும் அடித்தளமும் இளைக்கும்; ஆனால் தண்ணீரை உறிஞ்சும். தரைமட்டத்திலிருந்து முதல் மூன்று வரிசையையும் கழிப்பறைச் சுவரையும் அதில் கட்டாதீர்கள்.

கடற்கரை மணல்?

கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மணல் எடுப்பது தடை. கான்கிரீட்டில் அது உப்பும் கிளிஞ்சலும். எம்-சாண்ட் வாங்கும்போதும் கழுவிய தண்ணீர் எது என்று கேளுங்கள்.

இடித்த கான்கிரீட்டை அரைத்துப் போடலாமா?

ஐ.எஸ். 383:2016 படி கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 வரைக்கும் 20 சதவீதம், கம்பி இல்லாததில் 25 சதவீதம், எம்15க்குக் கீழான லீன் கான்கிரீட்டில் முழுவதுமாகவே அரைத்த ஜல்லி போடலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல். நாற்பது வருடம் உப்புக் காற்று குடித்த கான்கிரீட்டை அரைத்தால் ஜல்லியோடு குளோரைடும் வரும். ஆகவே கம்பி இருக்கிற எதிலும் வேண்டாம். பிளாட்பார நிரப்பு, பேவர் பிளாக்குக்கு அடிப்படை, லீன் கான்கிரீட் ஆகியவற்றில் போட்டுத் தீருங்கள். 760 முதல் 840 மி.மீ. உயரப் பிளாட்பாரத்தை நிரப்ப லாரி லாரியாகக் கிராவல் தேவைப்படும். அதில் ஒரு பகுதியை இது குறைக்கும்.

இடிக்காமல் விடலாமா என்பதை அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பழைய நிலையத்தின் சுவர் கெட்டியாக இருந்து கூரை மட்டும் போயிருந்தால், கூரையை மாற்றுங்கள்.

தரைக்கு கோட்டா கல்லா, கிரானைட்டா?

ராஜஸ்தானிலிருந்து கோட்டா கல் லாரியில் 2,200 கிலோமீட்டர் வந்தால் டன்னுக்கு 175 கிலோ கார்பன் பயணத்துக்கு மட்டும். மதுரைப் பக்கத்து கிரானைட் 170 கிலோமீட்டர், 14 கிலோ. பளபளப்பாகத் தேய்க்காமல், வழுக்காத சொரசொரப்பு முகத்தோடு வாங்குங்கள். பிளாட்பாரத்துக்குக் கசடு சிமென்ட்டில் செய்த பேவர் பிளாக் இன்னொரு நல்ல வழி. கேபிள் போடத் தோண்டினால் உடைக்காமல் எடுத்துத் திரும்பப் பதிக்கலாம்.

முகப்பில் ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டுத் தகடு) கோபுரம் வைக்கச் சொல்கிறார்களே?

அலுமினியத் தகடும் அதைத் தாங்கும் அலுமினியச் சட்டமும், கிலோவுக்கு 15க்கு மேல் கார்பன். பத்து டன் போட்டால், மேலே சொன்ன முழுப் பிளாட்பாரத் தளத்தின் சிமென்ட்டைத் தாண்டிவிடும். உப்புக் காற்றில் திருகு துருப்பிடித்து, வாடைக் காற்றில் தகடு படபடக்கும். கோயில் ஊருக்கு முகப்பு வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். சுண்ணாம்புச் சுதையிலோ உள்ளூர்க் கல்லிலோ சின்னதாகச் செய்தால் அழகும் நிற்கும்.

டெண்டரில் எப்படி எழுதுவது? ஒப்பந்ததாரர் கேட்க மாட்டாரே?

அவர் எழுதியிருப்பதைத்தான் கேட்பார். ஷெட்யூலில் ‘ஓ.பி.சி. 43 கிரேடு’ என்று ஒரு வார்த்தை இருந்தால் அதைத் தாண்டி எதுவும் நடக்காது, தணிக்கைக்குப் பயந்து. அதை ‘ஐ.எஸ். 455 கசடு சிமென்ட் அல்லது ஐ.எஸ். 1489 சாம்பல் சிமென்ட்’ என்று மாற்றுங்கள். ஐ.எஸ். 18189:2023 சுட்ட களிமண்-சுண்ணாம்புக்கல் சிமென்ட்டையும் மாற்றாகச் சேர்த்துவிடலாம். டீலரிடம் கிடைக்கும் அன்று திருத்தம் போட வேண்டியிராது. கன மீட்டருக்கு உச்ச சிமென்ட் அளவு ஒன்றையும் எழுதுங்கள்.

க்யூரிங்கைத் தனி ஐட்டமாகப் பிரித்து, 14 நாள் பதிவேடு காட்டினால்தான் பணம் என்று வையுங்கள். கான்கிரீட் விலைக்குள் அடங்கியதாக எழுதினால் மூன்றாம் நாள் சாக்கு காணாமல் போகும். கவரை ஊற்றும் முன் அளந்து படம் எடுப்பது, ஊற்றிய பின் கவர் மீட்டரில் சரிபார்ப்பது, தண்ணீரின் குளோரைடு சான்று, சிமென்ட், கம்பி, தகடு வந்த ஊரும் தூரமும் எழுதிய டெலிவரி சலான் நகல்: இந்த நான்கையும் ஒவ்வொரு ரன்னிங் பில்லோடும் கேளுங்கள். கார்பன் கணக்குக்கு வேறு தனியாக எதையும் தேட வேண்டியதில்லை, எல்லா எண்ணும் அந்தச் சலானிலேயே இருக்கும்.